நெல்லின் மஞ்சள் இலைக்கு ஒரு நிபுணர் சாட்பாட்: விதி எழுதுவது முதல் டெலிகிராமில் ஏற்றுவது வரை

புதிதாக சாட்பாட் செய்ய வருகிறவர்கள் பலர் முதல் நாளே டெலிகிராமில் ஒரு பாட் திறந்துவிடுகிறார்கள். அது "வணக்கம்" என்று பதில் சொன்னதும் பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கும். அப்புறம் அது என்ன பேச வேண்டும் என்று யோசிக்கும்போதுதான் எல்லாம் நின்றுபோகிறது. பேசும் பகுதி கடைசியில் வர வேண்டியது. முதலில் தயாராக வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கும் அறிவு. இந்த வரிசையை மாற்றாமல் செய்தால், பைத்தான் ஓரளவு தெரிந்த ஒருவர் தனியாகவே நம்பத்தக்க ஒரு நிபுணர் அமைப்பை, அதாவது நிபுணரின் அறிவை "இப்படி என்றால் இது" என்ற விதிகளாக வைத்து முடிவு சொல்லும் நிரலை, கட்டிவிடலாம்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்: "நெல் இலை மஞ்சளாகுது, என்ன காரணம்?" காரணங்கள் எண்ணக்கூடிய அளவில் இருக்கின்றன, அறிகுறிகள் கண்ணால் பார்க்கக்கூடியவை, தவறான பதில் சொன்னால் விவசாயியின் காசு வீணாகும். கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான கேள்வி எனக்குத் தெரிந்து இல்லை.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

பைத்தானில் ஃபங்ஷன் எழுதவும், டிக்‌ஷனரியைக் கையாளவும், கோப்பைப் படிக்கவும் தெரிந்தால் போதும். இயந்திரக் கற்றல் இப்போது தேவையில்லை. விலையுயர்ந்த கணினியும் வேண்டாம்.

கட்டாயம் வேண்டியது ஒரு நிபுணர். வேளாண் அலுவலர், வேளாண் அறிவியல் நிலையத்தில் பணிபுரிபவர், பல போகம் பார்த்த விவசாயி, யாராக இருந்தாலும் சரி. புத்தகம் மட்டும் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம். புத்தகம் நோயின் பெயரில் தொடங்கி அறிகுறிக்குப் போகும். விவசாயி அறிகுறியோடு வருகிறார், நோயின் பெயர் அவருக்குத் தெரியாது. இந்த எதிர்த்திசைப் பயணத்தைத் தினமும் செய்கிறவர்தான் நமக்கு வேண்டும்.

விதிகளை எழுதி ஓட்டுவதற்கென்றே கிளிப்ஸ், புரோலாக் போன்ற கருவிகள் இருக்கின்றன. பெரிய அமைப்புகளுக்கு அவை நல்லவை. ஆனாலும் முதல் முறை, விதிகளை ஓட்டி முடிவுக்கு வரும் விதி இயக்கியை நீங்களே எழுதுங்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் கருவியைப் பிடித்தவர்கள், பதில் தவறும்போது எங்கே தேடுவது என்று தெரியாமல் திண்டாடுகிறார்கள்.

2. எல்லையைப் போடுங்கள்

"விவசாய உதவி பாட்" என்பது எல்லை இல்லை. "நடவு செய்த நெல்லில் இலை மஞ்சளாவதற்கான காரணத்தை ஊகித்துச் சொல்லும், மருந்து அளவு சொல்லாது" என்பது எல்லை. இதை ஒரு தாளில் எழுதி நிபுணரிடம் காட்டிச் சம்மதம் வாங்குங்கள்.

முதல் பதிப்பில் உர அளவும் மருந்து அளவும் சேர்க்க வேண்டாம் என்று வலியுறுத்துவேன். அளவு மண் பரிசோதனையையும் ரகத்தையும் பயிர் வயதையும் பொறுத்தது. அதற்குத் தனி விதித்தொகுப்பு வேண்டும். காரணம் சரியாகச் சொல்லும் அமைப்பு நிலைபெற்ற பிறகு அதைப் பார்க்கலாம். அதுவரை, முடிவோடு சேர்த்து வேளாண் விரிவாக்க மையத்தையோ, கிசான் கால் சென்டரின் 1800-180-1551 என்ற இலவச எண்ணையோ காட்டினால் போதும்.

சாத்தியமான விடைகளையும் இப்போதே பட்டியலிடுங்கள். நம் கேள்விக்கு: தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறை, சாம்பல்சத்துக் (பொட்டாசியம்) குறை, மக்னீசியக் குறை, இரும்புச்சத்துக் குறை, கந்தகக் குறை, துத்தநாகக் குறை, துங்ரோ என்ற வைரஸ் நோய், பாக்டீரியா இலைக்கருகல். இவற்றோடு புதியவர்கள் எப்போதும் விட்டுவிடும் இரண்டு: "இது இயல்பானது", "என்னால் சொல்ல முடியாது".

"இது இயல்பானது" ஏன் வேண்டும்? நட்ட முதல் வாரத்தில் நாற்று வெளுத்துத்தான் நிற்கும், வேர் பிடித்ததும் தேறிவிடும். கதிர் முற்றும்போது அடி இலைகள் பழுப்பதும் பயிரின் வழக்கம். இந்த இரண்டையும் தனியே பிடிக்காவிட்டால், உங்கள் பாட் அறுவடைக்குத் தயாரான வயலுக்குத் தழைச்சத்துக் குறை என்று சொல்லும்.

3. நிபுணரிடம் விதி கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்

அதிகம் பேர் தடுமாறும் படி இது. "சார், என்னென்ன விதிகள்னு சொல்லுங்க" என்று கேட்டால் அவர் புத்தகத்தில் உள்ளதைத்தான் ஒப்பிப்பார். அனுபவசாலிகள் விதிகளை வார்த்தையாக மனதில் வைத்திருப்பதில்லை.

அதற்குப் பதிலாக, "கடைசியாகப் பார்த்த மஞ்சள் வயலைப் பற்றிச் சொல்லுங்க. போனதும் முதலில் எதைப் பார்த்தீங்க?" என்று தொடங்குங்கள். அவர் பார்த்த வரிசையை அப்படியே எழுதுங்கள், அந்த வரிசைதான் பின்னால் பாட் கேட்கப்போகும் கேள்வி வரிசை. ஒவ்வொரு முடிவிலும் நிறுத்தி மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஏன் அந்த முடிவு? ஏன் வேறொன்று இல்லை? எதைப் பார்த்திருந்தால் மனதை மாற்றியிருப்பீர்கள்? மூன்றாவது கேள்வியில்தான் நல்ல விதிகள் பிறக்கின்றன.

இப்படிப் பேசும்போது பல விதிகளுக்கு அடியில் இருக்கும் ஒரே காரணம் வெளியே வரும். தழைச்சத்து, மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவை பயிருக்குள் நகரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் பயிர் அவற்றைப் பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்கு அனுப்பும். எனவே குறை அடி இலையில் முதலில் தெரியும். இரும்பு அப்படி நகராது, கந்தகமும் எளிதில் நகராது. அவற்றின் குறை புது இலையில் தெரியும். இந்தக் காரணம் கையில் இருந்தால், "எந்த இலையில் தொடங்கியது?" என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது விளங்கிவிடும். அந்த ஒரு பதில் பட்டியலைக் கிட்டத்தட்ட இரண்டாகப் பிரித்துவிடுகிறது.

முடிந்தால் இரண்டு நிபுணர்களிடம் தனித்தனியே பேசுங்கள். அவர்கள் ஒத்துப்போகாத இடத்தில் விதி எழுதக் கூடாது. துத்தநாகக் குறையின் பழுப்புப் புள்ளி எந்த இலையில் முதலில் வரும் என்பதற்கு வெவ்வேறு விவரிப்புகள் கிடைக்கும். நட்ட 2 முதல் 4 வாரத்தில் தெரியும், பயிர் குட்டையாக நிற்கும், வயலில் திட்டுத் திட்டாக இருக்கும், களர் நிலத்தில் அதிகம் என்பவற்றில் கருத்து வேறுபாடு குறைவு. எனவே துத்தநாக விதியில் இலையின் இடத்தை விட்டுவிட்டு மற்றவற்றை வையுங்கள்.

4. விவரங்களின் பட்டியலைப் பூட்டுங்கள்

விதி எழுதும் முன், விதிகளில் வரப்போகும் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரே பெயரும், அது ஏற்கும் மதிப்புகளும் கொண்ட ஒரு அட்டவணை வேண்டும். கூகுள் ஷீட் போதும். அதில் சில வரிகள் இப்படி இருக்கும்:

மஞ்சள் தொடங்கிய இலை: அடி / குருத்து / எல்லாம்
இலையில் பரவல்: சீராக / நுனியிலிருந்து / ஓரத்தில் / நரம்புகளுக்கு இடையில்
நிறம்: வெளிர்மஞ்சள் / ஆரஞ்சு கலந்த மஞ்சள் / வெண்மை
வயலில் பரவல்: முழுக்க / திட்டுத் திட்டாக / அங்கங்கே
பயிர் வளர்ச்சி: குட்டை / இயல்பு
பழுப்புப் புள்ளி: ஆம் / இல்லை
பச்சைத் தத்துப்பூச்சி: ஆம் / இல்லை
நட்டு எத்தனை நாள்: எண்

இதைச் செய்யாமல் நேரே விதி எழுதப் போனால் ஒரு விதியில் "வெளிர்மஞ்சள்", இன்னொன்றில் "வெளிறிய மஞ்சள்" என்று வந்துவிடும். கணினிக்கு அவை இரண்டும் வேறு வேறு. விதி ஓடாது, பிழைச் செய்தியும் வராது, அமைதியாகத் தவறான பதில் வரும். கோப்பைப் படிக்கும்போதே, பட்டியலில் இல்லாத பெயரோ மதிப்போ வந்தால் நிரல் நிற்கும்படி ஒரு சோதனை எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு விவரத்துக்கும் "தெரியாது" என்ற நிலையும் உண்டு. அது "இல்லை"க்குச் சமமில்லை. தத்துப்பூச்சியைத் தேடிப் பார்த்து இல்லை என்று சொல்பவரும், வயலுக்கே போகாதவரும் ஒன்றாகிவிடக் கூடாது. பைத்தானில் விவரம் இன்னும் வராத நிலையைப் பொய் என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதிவிடுவது மிகச் சுலபம். இதை ஒரு முறை நன்றாகச் சரிபாருங்கள்.

விண்டோஸில் வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: தமிழ்க் கோப்பைத் திறக்கும்போது யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தை வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் சில கணினிகளில் எழுத்து சிதறும், சிலவற்றில் நிரலே நின்றுவிடும்.

5. விதிகளை எழுதுதல்

விதிகள் நிரலுக்குள் இருக்கக் கூடாது. தனிக் கோப்பில், நிபுணர் படித்துத் திருத்தக்கூடிய தமிழில் இருக்க வேண்டும். காரணம் எளிது: விதி மாறிக்கொண்டே இருக்கும், இயக்கி மாறாது. இரண்டையும் கலந்து நூறு கிளைகள் கொண்ட "இப்படி என்றால் அப்படி" நிரல் எழுதியவர்கள், மூன்றாவது திருத்தத்தில் கைவிட்டுவிடுகிறார்கள்.

விதி தழை-1
எனில்: மஞ்சள் தொடங்கிய இலை = அடி; இலையில் பரவல் = சீராக; வயலில் பரவல் = முழுக்க
ஆகவே: தழைச்சத்துக் குறை, +0.6

விதி துங்ரோ-1
எனில்: இலையில் பரவல் = நுனியிலிருந்து; நிறம் = ஆரஞ்சு கலந்த மஞ்சள்; பயிர் வளர்ச்சி = குட்டை
ஆகவே: துங்ரோ, +0.6

விதி துங்ரோ-2
எனில்: பச்சைத் தத்துப்பூச்சி = ஆம்
ஆகவே: துங்ரோ, +0.4

விதி தழை-2
எனில்: நிறம் = ஆரஞ்சு கலந்த மஞ்சள்
ஆகவே: தழைச்சத்துக் குறை, −0.4

கடைசி விதியைக் கவனியுங்கள். ஒன்றை மறுக்கும் விதிகள் இல்லாத அமைப்பு எல்லாவற்றுக்கும் தலையாட்டும். துங்ரோவைத் தழைச்சத்துக் குறை என்று நினைத்து யூரியா போடுவது வயலில் நிஜமாகவே நடக்கிற தவறு. துங்ரோ வைரஸைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி, உரத்தால் அது தீராது. எளிதில் குழம்பும் ஒவ்வொரு ஜோடிக்கும் அவற்றைப் பிரித்துக் காட்டும் ஒரு விதியாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

விலக்கு விதிகள் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓட வேண்டும். நட்டு ஒரு வாரம் ஆகவில்லையா? கதிர் முற்றிவிட்டதா? அப்படியென்றால் மேற்கொண்டு எதையும் கேட்காமல் "இயல்பானது" என்று சொல்லி நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஒரு விதிக்கு மூன்று நான்கு நிபந்தனைகளுக்கு மேல் வேண்டாம். நிபந்தனை கூடக் கூட, எல்லாம் பொருந்தும் வயலே கிடைக்காது. துங்ரோவில் செய்தது போல் இரண்டு விதிகளாகப் பிரித்து, சான்றுகளைக் கூட்டும் வேலையை எண்களிடம் விடுங்கள்.

6. அந்த எண்கள்

+0.6 என்பது நிகழ்தகவு இல்லை. இந்தச் சான்று இந்த முடிவை எவ்வளவு ஆதரிக்கிறது என்று நிபுணர் −1 முதல் +1 வரை தரும் மதிப்பு. இரண்டு விதிகள் ஒரே முடிவை ஆதரித்தால் மதிப்புகளை நேராகக் கூட்டக் கூடாது, 1-ஐத் தாண்டிவிடும். முதல் மதிப்போடு, மீதமுள்ள இடைவெளியில் இரண்டாவதின் பங்கைச் சேர்க்க வேண்டும். துங்ரோவுக்கு: 0.6 + 0.4 × (1 − 0.6) = 0.76.

ஒன்று ஆதரித்து இன்னொன்று மறுத்தால், இரண்டின் கூட்டுத்தொகையை, (1 − குறிகளை விட்டுப் பார்த்தால் இரண்டில் சிறியது) என்பதால் வகுக்க வேண்டும். 0.6-உம் −0.4-உம் சந்தித்தால் 0.2 ÷ 0.6, அதாவது 0.33. பழைய மைசின் மருத்துவ அமைப்பிலிருந்து வந்த முறை இது. நம் அளவுக்குத் தாராளமாகப் போதும்.

ஒரே சான்றை இரண்டு பெயரில் எண்ணிவிடுவது இங்கே வரும் பொதுத் தவறு. பயிர் குட்டையாக இருப்பதும் தூர் குறைவதும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். இரண்டுக்கும் தனித்தனி விதி வைத்தால் மதிப்பு காரணமில்லாமல் ஏறும். அவற்றை ஒரே விதியில் போடுங்கள்.

எண்களை 0.65, 0.72 என்று துல்லியமாக்கிப் பயனில்லை. வலுவானது 0.8, நடுத்தரம் 0.6, சிறு ஆதரவு 0.4 என்று மூன்று படி வைத்தால் நிபுணருக்கும் சொல்ல எளிது.

7. விதி இயக்கி

இரண்டு வேலை செய்யும் சிறிய நிரல்தான் இது. முதலாவது முன்னோக்கிச் செல்வது: தெரிந்த விவரங்களை வைத்து, நிபந்தனை முழுதும் நிறைவான விதிகளை இயக்கி மதிப்புகளைச் சேர்ப்பது, புதிதாக எதுவும் இயங்காதபோது நிற்பது.

இயங்கிய விதிகளின் பட்டியலை வைத்துக்கொள்ளாவிட்டால் ஒரே விதி ஒவ்வொரு சுற்றிலும் இயங்கும். 0.6 அடுத்த சுற்றில் 0.84 ஆகும், அடுத்ததில் 0.936. பாட் எல்லாவற்றையும் உறுதியாகச் சொல்கிறது என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

இரண்டாவது வேலை பின்னோக்கிச் செல்வது: இப்போது முன்னணியில் இருக்கும் முடிவுகளை எடுத்து, அவற்றின் விதிகளில் இன்னும் தெரியாத விவரம் எது என்று கண்டுபிடித்து, அதைக் கேட்பது. எதை முதலில் கேட்பது? முன்னணி முடிவுகளை அதிகம் பிரிக்கும் விவரத்தை. அதே அளவு பிரிக்கும் இரண்டு இருந்தால், விவசாயி வயலுக்குப் போகாமலே பதில் சொல்லக்கூடியதை. நட்டு எத்தனை நாள் என்பது வீட்டிலிருந்தே தெரியும்; தத்துப்பூச்சி இருக்கிறதா என்பதற்கு வயலில் இறங்க வேண்டும்.

எப்போது நிறுத்துவது? முதல் முடிவு 0.7-ஐத் தாண்டி, இரண்டாவதைவிட 0.2-ஆவது மேலே இருந்தால் சொல்லலாம். கேட்க வேறு கேள்வி இல்லாமல், இந்த நிலையும் வராவிட்டால், "என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்பதுதான் விடை. இந்த எல்லைகள் தொடக்கத்துக்கு மட்டும். 9-ஆம் படியில் மாற்றுவீர்கள்.

பயனர் முன்பு சொன்னதை மாற்றினால், சேர்த்த மதிப்பைக் கழித்துச் சரிசெய்ய முயல வேண்டாம். எல்லா மதிப்பையும் அழித்துவிட்டு, விவரங்களை வைத்து மறுபடி முதலிலிருந்து ஓட்டுங்கள். சில பத்து விதிகளுக்கு அது கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது.

8. "ஏன்?" என்றால் பதில் சொல்ல வேண்டும்

இயங்கிய ஒவ்வொரு விதியின் பெயரையும் வரிசையாகச் சேமித்தால் விளக்கம் இலவசமாகக் கிடைக்கிறது. "துங்ரோவாக இருக்கலாம். நுனியிலிருந்து ஆரஞ்சாக மாறுது, பயிர் குட்டையா இருக்குன்னு சொன்னீங்க. பச்சைத் தத்துப்பூச்சியும் பார்த்திருக்கீங்க." இதைப் படிக்கும் விவசாயி, "இல்லையே, நுனியில் இல்லை" என்று திருத்த முடியும். விளக்கம் இல்லாத பாட்டிடம் அவர் நம்பலாம் அல்லது விட்டுவிடலாம், வேறு வழியில்லை. பலர் இதைக் கடைசியில் சேர்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். பிழை தேடுவதற்கு உங்களுக்கே இது தினமும் வேண்டும். இப்போதே எழுதுங்கள்.

9. பேச வைக்கும் முன் சோதியுங்கள்

நிபுணரிடம் பேசியபோது கிடைத்த நிஜ நிகழ்வுகளில் ஒரு பகுதியை விதி எழுதப் பயன்படுத்தாமல் ஒதுக்கி வையுங்கள். அவற்றை விவரங்களாக மாற்றி, எதிர்பார்க்கும் விடையோடு ஒரு கோப்பில் போட்டு இயக்கியில் ஓட்டுங்கள். சரி, தவறு, சொல்லவில்லை என்று மூன்றாக எண்ணுங்கள். "சொல்லவில்லை" அதிகமாக இருந்தால் பரவாயில்லை, விதி சேர்க்கலாம். "தவறு" ஒன்று வந்தாலும் நிறுத்தி, எந்த விதி அதைச் செய்தது என்று பாருங்கள்.

ஒரு விதி சேர்த்தாலோ எண் மாற்றினாலோ முழுத் தொகுப்பையும் மறுபடி ஓட்டுங்கள். மக்னீசியத்துக்கு எழுதிய விதி இரும்பைக் கெடுக்கும். இரண்டிலும் நரம்புகளுக்கு இடையில்தான் வெளுக்கும், ஒன்று அடி இலையில், மற்றது குருத்தில். இலை எது என்ற நிபந்தனையை மறந்தால் இரண்டும் சேர்ந்து நிற்கும்.

10. உரையாடல்: முதலில் பொத்தான், பிறகு தட்டச்சு

இப்போதுதான் பேச்சுக்கு வருகிறோம். முதல் பதிப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் பொத்தான்கள் மட்டும் வையுங்கள். கடைசிப் பொத்தான் எப்போதும் "தெரியவில்லை".

கேள்வியின் சொற்கள் வயலில் புழங்குபவையாக இருக்கட்டும். "நரம்பிடைப் பச்சையச் சோகை உள்ளதா?" என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "நரம்பு பச்சையாவே இருந்து, நடுவில மட்டும் வெளுத்திருக்கா?" என்று கேட்டு, ஒரு படத்தையும் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான்.

பொத்தான்களோடு சரியாக ஓடிய பிறகு தட்டச்சை அனுமதியுங்கள். இங்கே தமிழுக்கென்றே சில பொறிகள் உண்டு, ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் எழுத்தைச் சீராக்க வேண்டும். "கொ" என்பதை ககரமும் ஒரே ஒகரக் குறியுமாகவும் சேமிக்கலாம், ககரமும் ஒற்றைக் கொம்பும் காலுமாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு வேறுபாடு தெரியாது, ஒப்பிட்டால் சமமில்லை என்று வரும். யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் இது தீரும். ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ளகரமும் தட்டச்சு செய்திருந்தால் என்எஃப்சி அதைச் சரிசெய்யாது, அதற்குத் தனி மாற்று எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகளையும் நீக்கிவிடுங்கள்.

அடுத்து, சொல் பிரிப்பது. உரையில் சொற்களைத் தேடப் பைத்தானோடு வரும் ரீ (re) மாட்யூலின் "சொல் எழுத்து" குறியீடு உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை. "மஞ்சள்" என்பது "மஞ", "சள" என்று இரண்டு துண்டாகிவிடும். இடைவெளியில் பிரியுங்கள், அல்லது தனியாக நிறுவும் ரெஜெக்ஸ் (regex) மாட்யூலைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, விகுதி. இலை, இலையில, இலையெல்லாம், எலைங்க என்று ஒரே சொல் பல வடிவில் வரும். அகராதியில் முழுச் சொல்லைத் தேடாமல் சொல்லின் தொடக்கத்தைத் தேடுவது பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் மறுப்பு சொல்லின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. "மஞ்சளாகல" என்பதில் "மஞ்சள" என்ற தொடக்கத்தைப் பார்த்ததும் ஆம் என்று எடுத்தால் பொருள் தலைகீழாகிவிடும். தொடக்கம் பொருந்தியதும், அதே சொல்லின் முடிவிலும் அடுத்த இரண்டு சொற்களிலும் மறுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்: கல, வில்ல, இல்ல, காணோம்.

நான்காவது, எழுத்துப்பிழையைப் பொறுத்துக்கொள்ளும் தோராயப் பொருத்தம். நல்ல நோக்கத்தோடு சேர்த்து அமைப்பையே கெடுப்பது இதுதான். "இலை"க்கும் "இல்லை"க்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஐந்து எழுத்துக்குக் குறைந்த சொற்களுக்குத் தோராயப் பொருத்தம் வேண்டவே வேண்டாம்.

ஐந்தாவது, ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டச்சு செய்பவர்கள். அவர்கள் எழுதும் முறைக்கு விதி கிடையாது. பொதுவான ஒலிபெயர்ப்புக் கருவியை நம்புவதைவிட, உங்கள் விவரப் பட்டியலில் இருக்கும் சொற்களுக்கு மட்டும், மக்கள் எழுதும் வடிவங்களைத் திரட்டி ஒரு சிறு அகராதி வைப்பது நம்பகமானது.

இத்தனைக்குப் பிறகும் தவறு வரும். எனவே புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்று ஒரு பொத்தானோடு கேட்ட பிறகே விவரத்தை இயக்கிக்கு அனுப்புங்கள்.

11. மொழி மாதிரியை எங்கே வைப்பது

சாட்ஜிபிடி போன்ற பெரிய மொழி மாதிரிகளைச் சேர்க்கலாம், ஆனால் வாசலில் மட்டும். பயனர் எழுதியதை நம் பட்டியலில் உள்ள விவரங்களாக மாற்றித் தருவது அதன் வேலை. பேச்சுவழக்கையும் வட்டார மொழியையும் அது நம் அகராதியைவிட நன்றாகவே சமாளிக்கும். முடிவு எடுப்பது விதி இயக்கி. முடிவையும் மொழி மாதிரியிடம் விட்டால், அது சரளமாகப் பதில் சொல்லும், கேட்காத மருந்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லும், எந்த அடிப்படையில் சொன்னது என்பதை உங்களால் சரிபார்க்க முடியாது.

பயனர் சொல்லாததைத் தானாக நிரப்பிவிடும் பழக்கம் இவற்றுக்கு உண்டு. இலை மஞ்சள் என்று மட்டும் சொன்னாலும் "அடி இலை" என்று எழுதித் தரும். இதைத் தடுக்க, ஒவ்வொரு விவரத்தோடும் பயனர் எழுதிய எந்தச் சொற்களிலிருந்து அதை எடுத்தது என்று அப்படியே திருப்பித் தரச் சொல்லுங்கள். அந்தச் சொற்கள் உண்மையிலேயே செய்தியில் இருக்கின்றனவா என்று உங்கள் நிரல் பார்க்கட்டும். இல்லையென்றால் அந்த விவரத்தைத் தூக்கி எறியுங்கள். பட்டியலில் இல்லாத மதிப்பு வந்தாலும் அப்படியே.

12. டெலிகிராமில் ஏற்றுதல்

இது சீக்கிரம் முடியும் வேலை. டெலிகிராமின் பாட்ஃபாதர் என்ற பாட்டிடம் உங்கள் பாட்டை உருவாக்கினால், ரகசியச் சாவி போன்ற ஒரு டோக்கன் தரும். அதை நிரலுக்குள் எழுதி கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள். டோக்கன் கிடைத்தவர் உங்கள் பாட்டின் பெயரில் எதையும் அனுப்பலாம். நிரலுக்கு வெளியே, கணினியின் சூழல் மாறியில் (environment variable) வையுங்கள், கசிந்துவிட்டால் பாட்ஃபாதரிடமே பழையதை ரத்து செய்து புதியது வாங்குங்கள்.

தொடக்கத்துக்கு, நிரலே போய்ப் புதுச் செய்தி இருக்கிறதா என்று கேட்கும் போலிங் முறை போதும், உங்கள் கணினியிலேயே ஓடும். பிறகு, செய்தி வந்ததும் டெலிகிராமே உங்கள் நிரலுக்கு அனுப்பும் வெப்ஹுக்குக்கு மாறினால் போலிங்கை நிறுத்த வேண்டும். ஒரே பாட்டில் இரண்டும் ஒன்றாக ஓடாது.

பொத்தானோடு அனுப்பும், பயனருக்குத் தெரியாத மறைத் தரவுக்கு (callback_data) 64 பைட்தான் இடம். யுடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் ஆகிறது, அதாவது 21 குறிகளில் இடம் தீர்ந்துவிடும். "மஞ்சள் தொடங்கிய இலை = அடி" என்று முழுதாக அனுப்ப முடியாது. ஒவ்வொரு விவரத்துக்கும் மதிப்புக்கும் ஒரு சிறு எண் கொடுத்து அதை அனுப்புங்கள்.

ஒவ்வொரு பயனரின் விவரங்களையும் அவருடைய சாட் எண்ணோடு எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் சேமியுங்கள். நினைவகத்தில் மட்டும் வைத்தால் நிரல் ஒரு முறை நின்று எழுந்ததும் எல்லா உரையாடலும் பாதியில் அறுந்துவிடும். அதைவிட மோசமானது, எல்லோருக்கும் பொதுவான ஒரே டிக்‌ஷனரியில் வைப்பது. ஒருவர் வயலின் அறிகுறி இன்னொருவர் முடிவில் கலந்துவிடும். தனியாகச் சோதிக்கும்போது இது தெரியாது, எனவே இரண்டு போனில் ஒரே நேரத்தில் பேசிப் பாருங்கள். "புதுசா தொடங்கு" என்ற பொத்தானும் வேண்டும், ஒரே விவசாயிக்கு இரண்டு வயல் இருக்கும்.

வாட்ஸ்அப் வேண்டும் என்று கேட்பார்கள். அதற்கு வணிகக் கணக்கும் சரிபார்ப்பும் வேண்டும். பயனர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்தால், முன்பே ஒப்புதல் பெற்ற வார்ப்புச் செய்திகளைத்தான் அனுப்பலாம். டெலிகிராமில் எல்லாம் நிலைத்த பிறகு அங்கே போங்கள்.

13. வெளியே விட்ட பின் வாரம் ஒரு முறை

முதலில் நிபுணருக்குத் தெரிந்த சில விவசாயிகளிடம் மட்டும் கொடுங்கள். உரையாடல் பதிவாகிறது என்பதை முதல் செய்தியிலேயே சொல்லிவிடுங்கள். பெயரும் போன் எண்ணும் பதிவில் தேவையில்லை.

பதிவில் மூன்று இடங்களைப் பாருங்கள். பயனர் எந்தக் கேள்வியில் பேச்சை விட்டுப் போனார்? அந்தக் கேள்வி புரியவில்லை என்று பொருள், சொற்களை மாற்றுங்கள். எந்தக் கேள்விக்கு "தெரியவில்லை" அதிகம் வருகிறது? அந்த விவரத்தை நம்பிய விதிகளுக்கு மாற்று வழி தேடுங்கள். எந்த விதி ஒரு முறைகூட இயங்கவில்லை? அதன் நிபந்தனைகள் ஒன்றுக்கொன்று முரண்படலாம், அல்லது அந்தப் பகுதியில் அந்தக் குறையே இல்லாமல் இருக்கலாம். எது என்று நிபுணரிடம் கேட்டுவிட்டு, தேவையில்லை என்றால் நீக்குங்கள்.

முடிவு சொல்லிச் சில நாள் கழித்து, "ஆபீசர் வந்து பார்த்தாரா, என்ன சொன்னார்?" என்று பாட் ஒரு முறை கேட்கட்டும். அந்தப் பதில்கள் 9-ஆம் படியின் சோதனைக் கோப்பில் புது நிகழ்வுகளாகச் சேர வேண்டும். அவற்றில் பாட் தவறியவை இருந்தால், அடுத்த முறை நிபுணரைப் பார்க்கப் போகும்போது முதலில் எடுத்து வைக்க வேண்டியவை அவைதான்.